எந்த மின்சாரம் நல்லது? வட்டவளையில் கேட்ட ஒரு கேள்வி

மழைக்காலத்தில் வட்டவளையில் ஒரு கூட்டத்தைக் குறித்த நேரத்தில் தொடங்குவது இலேசான காரியமல்ல. அன்றும் அப்படித்தான். குடையை மடக்கி, காலைக் கழுவி, எல்லோரும் உள்ளே வந்து அமர ஒரு மணித்தியாலம் சென்றுவிட்டது. வந்திருந்தவர்களில் அநேகர் ஏதோ ஒரு காலத்தில் காணியை விட்டு எழும்பியவர்கள். 1977க்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலையை விட்டு வன்னிக்குப் போய், காடு வெட்டிக் கமம் செய்து, யுத்தத்தில் அதையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த குடும்பங்கள் இருந்தன. மண்சரிவு அபாயம் என்று எழுப்பப்பட்டு உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்பவர்களும் இருந்தார்கள்.

மரக்கறிச் செய்கை பற்றிப் பேசத்தான் கூடினோம். ஆனால் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா வேறு கேள்வி கேட்டார். "தம்பி, கூரையில சோலார் போடுங்கன்னு ஒருத்தர் வந்து சொல்றாரு. ஓடையில டர்பைன் வைக்கலாம்னு இன்னொருத்தர் சொல்றாரு. எந்தக் கரண்டு நல்லது?" பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். "நல்லதோ கெட்டதோ, லக்சபான கரண்டு நம்ம தலைக்கு மேலதான் கம்பியில போச்சு. நம்ம லயத்துல எறங்க எத்தன வருசமாச்சு!"

அன்று அந்த அம்மாவுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இந்தக் கட்டுரை மீதிப் பதில். காணியை இழந்தவர்களுக்கு மின்சாரப் பாடம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மின்சாரத் திட்டங்கள் எல்லாமே காணியையும் தண்ணீரையும் தேடித்தான் வருகின்றன. அடுத்த திட்டம் வரும்போது நாம் விஷயம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

மின்சாரம் பிறக்கும் விதம்

ஒரு காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் சுழற்றினால் கம்பியில் மின்சாரம் ஓடும். சைக்கிள் டைனமோ இதைத்தான் செய்கிறது. பெரிய மின் நிலையமும் இதையேதான் செய்கிறது. வேறுபாடு, சுழற்றுவது யார் என்பதில்தான் இருக்கிறது. மலையிலிருந்து விழும் தண்ணீர் சுழற்றினால் நீர் மின்சாரம். நிலக்கரியையோ எண்ணெயையோ விறகையோ எரித்து, அந்தச் சூட்டால் சுழற்றினால் அனல் மின்சாரம். காற்று சுழற்றினால் காற்று மின்சாரம். அணு மின்சாரம் என்பதும் அணுவைப் பிளந்து பெற்ற சூட்டில் தண்ணீரை ஆவியாக்கிச் சுழற்றுவதுதான். சூரியத் தகடு மட்டும் விதிவிலக்கு. அதில் எதுவும் சுழல்வதில்லை. வெளிச்சம் பட்டவுடன் தகட்டிலேயே மின்சாரம் உண்டாகிறது.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைக்க வேண்டும். மின்சாரத்தை நெல்லைப் போல மூட்டை கட்டி வைக்க முடியாது. பற்றரியில் கொஞ்சம் வைக்கலாம், ஆனால் அதற்குச் செலவு அதிகம். நாடு முழுவதும் விளக்கு எரியும் அதே நிமிடத்தில் எங்கோ ஓரிடத்தில் அது பிறந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே எந்த மின்சாரத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது, அது எந்த நேரத்தில், எந்தக் காலத்தில் நின்றுபோகும் என்பதே.

தண்ணீர்: எமது மலையின் மின்சாரம்

இலங்கையில் அதிக மழை பெறும் இடங்களில் வட்டவளை ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. இங்கே பெய்வது நாவலப்பிட்டிப் பக்கமாக ஓடி மகாவலியில் சேர்கிறது. மலையின் மறுபக்கம், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்து மழை கெசல்கமு ஓயாவாகவும் மஸ்கெலி ஓயாவாகவும் ஓடி, கீழே ஒன்றுகூடிக் களனி கங்கையாகிறது. இந்தத் தண்ணீரின் பெறுமதியை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர். 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்ற இடத்தில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்து நுவரெலியா நகருக்கு விளக்கேற்றினார். 1918இல் இலங்கை எஞ்சினியர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்து, மலைநாட்டு அருவிகளால் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்று காட்டினார். 1924இல் வேலை தொடங்கியது, சில வருடங்களில் நின்றது. லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். அவர் கட்டுரை வாசித்து 32 வருடங்கள் கழித்து. அவர் 1953இல் காலமானார். நோர்ட்டன் பிரிட்ஜில் 1965இல் வந்த நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நீர்மின்சாரத்தின் கணக்கு எளிது. 100 மீற்றர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 4,000 லீற்றர் தண்ணீர் விழுந்தால் ஓர் அலகு மின்சாரம் கிடைக்கும். எங்கள் மின்சாரப் பட்டியலில் வரும் அதே அலகுதான். உயரம் இரட்டித்தால் தண்ணீர் பாதி போதும். அதனால்தான் எல்லோரும் மலையைத் தேடி வந்தார்கள். அதைவிடச் சிறப்பு என்னவென்றால், மின்சாரம் எடுத்த பிறகும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் விமலசுரேந்திர நிலையத்தைச் சுழற்றிவிட்டு நோர்ட்டன் குளத்துக்குப் போகிறது. அங்கிருந்து பழைய லக்சபானவைச் சுழற்றுகிறது. பின் பொல்பிட்டியவில் மறுபடி வேலை செய்கிறது. அதற்கும் கீழே, கித்துல்கலப் பக்கத்தில், அண்மையில் கட்டிய புரோட்லண்ட்ஸ் நிலையத்திலும் இறங்குகிறது. நாலு முறை உழைத்த பிறகு அதே தண்ணீர்தான் கொழும்பில் குடிநீராகக் குழாயில் வருகிறது. மவுசாக்கலைத் தண்ணீரும் இப்படித்தான் கெனியன், புதிய லக்சபான என்று இறங்கி அந்த வரிசையில் சேர்கிறது. எரிபொருட் செலவு இல்லை, புகை இல்லை. திறந்த சில நிமிடங்களில் மின்சாரம் வரும், மூடினால் நிற்கும். மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் விளக்குப் போடும்போது அந்தச் சுமையைத் தாங்குவதற்கு இதைவிட வசதியான மின்சாரம் கிடையாது. 1990களின் தொடக்கம் வரை நாட்டின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது.

இனி மறுபக்கம். முதலாவது, மழை. 1996இல் மழை பொய்த்தபோது நாடு நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் இருளில் இருந்தது. தண்ணீரை மட்டும் நம்பியிருந்ததற்குக் கிடைத்த அடி அது. இரண்டாவது, மண். மேலே மலைச்சரிவில் காடு வெட்டி, காட்டுமரம் இல்லாத இடத்தில் மரக்கறி போட்டால், மேல்மண் கழுவுண்டு நீர்த்தேக்கத்தின் அடியில் போய்ப் படிகிறது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சேறு நிற்கிறது. இதில் கமக்காரர்களாகிய எமக்கும் பங்குண்டு என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவதுதான் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நீர்த்தேக்கம் வெறும் பள்ளத்தில் கட்டப்படுவதில்லை. பள்ளத்தில்தான் வயல், ஊர், கோயில் எல்லாம் இருக்கும். 1969இல் மவுசாக்கலையில் தண்ணீர் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. மேட்டில் புது நகரம் எழுந்தது. இன்றும் கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலின் இடிபாடுகள் வெளியே தெரியும். பார்க்கப் பஸ் பிடித்துப் போகிறவர்கள் உண்டு. நானும் போயிருக்கிறேன். சேற்றில் நின்ற ஒரு முதியவர், தன் கடை எந்த இடத்தில் இருந்தது என்று தடியால் கோடு கீறிக் காட்டினார்.

1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பல தலைமுறையாக வயல் செய்த சில ஆயிரம் குடும்பங்கள் எழும்ப வேண்டியதாயிற்று. ஒரு பகுதியினர் மகாவலித் திட்டத்தின் வரண்ட நிலங்களுக்குப் போனார்கள். மற்றவர்கள் மலையிலேயே தேயிலைக் காணி பெற்றுத் தங்கினார்கள். குளிரில் பழகியவர்கள் வெய்யிலில் நெல் செய்யப் பழக வேண்டும். நெல் செய்தவர்கள் தேயிலை பழக வேண்டும். நட்டஈட்டுக் கணக்கில் இந்தப் பழக்கத்துக்குப் பெறுமதி போடும் நிரல் எதுவும் இருப்பதாக நான் அறியவில்லை.

மேல் கொத்மலைத் திட்டம் இவற்றிலிருந்து பாடம் படித்த திட்டம் என்று சொல்லலாம். தலவாக்கலையில் பெரிய நீர்த்தேக்கம் கட்டாமல், சிறிய அணையில் மறித்து, ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்க வழியாகத் தண்ணீரைக் கொண்டுபோய் நிலத்தடி நிலையத்தில் 150 மெகாவாற்று எடுக்கிறார்கள். ஜப்பானியக் கடனில் கட்டி 2012இல் திறக்கப்பட்டது. மூழ்கிய நிலம் குறைவு. ஆயினும் நானூறுக்கும் அதிகமான குடும்பங்கள் வீடு மாறின. சென் கிளையர் அருவியில் ஓடிய தண்ணீரின் பெரும் பகுதி இப்போது சுரங்கத்துக்குள் போகிறது.

சுரங்கம் என்றால் மேலே இருப்பவர்களுக்குப் பாதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். பதுளை மாவட்டத்தில் உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் வெட்டியபோது, 2014 முடிவிலிருந்து, உள்ளே நிலத்தடித் தண்ணீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. அணைக்குத் தொலைவில், 'பாதிக்கப்படுவோர்' பட்டியலில் பெயரே இல்லாத கமக்காரர்கள் தண்ணீர் பவுசரை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். 120 மெகாவாற்றுக் கொண்ட அந்தத் திட்டம் 2024இல் திறக்கப்பட்டது.

எண்ணெய்

டீசல் எஞ்சினை எங்கும் கொண்டுபோய் வைக்கலாம், சில மாதங்களில் நிலையம் எழுப்பலாம். மழையும் வேண்டாம், காற்றும் வேண்டாம். ஒரு லீற்றர் டீசலில் மூன்று, நாலு அலகு கிடைக்கும். ஒரு லீற்றரின் விலையை மூன்றால் அல்லது நாலால் பிரித்துப் பாருங்கள். அதன் குறை உடனே விளங்கும். அந்த எண்ணெய் முழுவதும் வெளிநாட்டுக் காசில் வருகிறது. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது எண்ணெய்க் கப்பலும் இல்லாமல் போயிற்று. அந்த ஆண்டு மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குச் சுன்னாகத்தின் கதை தெரியும். அங்கே எண்ணெயில் இயங்கிய மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சுண்ணாம்புக் கல் நிலம். மேலே சிந்தியது கீழே இறங்க அதிக காலம் எடுப்பதில்லை. குடிப்பதற்கும் வெங்காயத்துக்கும் அதே கிணறுதான். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வந்தது நல்லதுதான். ஆனால் கிணற்றுத் தண்ணீர் தீர்ப்போடு சுத்தமாகிவிடாது.

நிலக்கரி

புத்தளம் மாவட்டத்தில் நுரைச்சோலை நிலையம் 900 மெகாவாற்று. 2011இல் முதற் பகுதியும் 2014இல் மீதியும் இயங்கத் தொடங்கின. இரவும் பகலும், மழையோ வரட்சியோ, ஒரே சீராக மின்சாரம் தருவது இதன் பலம். எண்ணெயைவிட மலிவு. நாட்டிலேயே மிகப் பெரிய நிலையமும் இதுதான். ஆனால் கரி முழுவதும் கப்பலில் வர வேண்டும், அதுவும் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில். ஓர் அலகுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரி எரிகிறது. ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு ஆகாயத்துக்குப் போகிறது. மழை பருவம் தவறுவதற்கு உலகெங்கும் எரியும் கரியும் எண்ணெயும் ஒரு முக்கிய காரணம். சாம்பலும் கரித்தூளும் காற்றில் வந்து பயிரில் படிகின்றன என்று அப்பகுதி மரக்கறிச் செய்கையாளர்கள் முறைப்பாடு செய்து வருகிறார்கள். பெரிய நிலையம் என்பதால் அது ஒரு நாள் நின்றால் நாடே தடுமாறும்.

இந்த இடத்தில் சம்பூரைச் சொல்லாமல் போக முடியாது. திருகோணமலையில் மூதூருக்குக் கிழக்கே உள்ள அந்த ஊர் மக்கள் 2006இல் யுத்தத்தால் எழும்பினார்கள். அவர்கள் முகாம்களில் இருக்கும்போதே அவர்களுடைய மண்ணில் இந்தியாவின் உதவியோடு 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் கட்டுவதென்று தீர்மானமாயிற்று. யுத்தம் முடிந்த பிறகும் காணி திரும்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு, மனுப் போட்டு, ஏறக்குறைய பத்து வருடங்கள் கழித்து, 2015, 2016 அளவில்தான் பெருந்தொகையானோர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். 2016இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. இன்று அதே சம்பூருக்கு 120 மெகாவாற்றுச் சூரிய மின்சாரத் திட்டம் வருகிறது. 2025 ஏப்ரலில் அடிக்கல் நடப்பட்டது. எரிபொருள் மாறிவிட்டது. காணி மட்டும் அதே சம்பூர்க் காணி.

காற்று

மன்னாரில் 'தம்பபவனி' காற்றாலைகள் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டன. 30 காற்றாடிகள், 100 மெகாவாற்றுக்குச் சற்று மேல். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் நன்றாகச் சுழலும். இடைப்பட்ட மாதங்களில் ஓய்ந்துவிடும். எரிபொருள் வேண்டாம், புகை கிடையாது. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையில் பயிர் செய்யலாம், மாடு மேய்க்கலாம் என்பது கமக்காரருக்கு நல்ல செய்தி. ஆனால் மன்னார் சிறிய, தாழ்வான தீவு. தூணுக்கும் பாதைக்கும் மண் போட்டு நிரப்பியதால் மழைநீர் ஓடும் வழி அடைபட்டு வீடுகளுக்குள் வெள்ளம் வருகிறது என்று மக்கள் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் பறவைகளின் பாதையும் அதுவே. 2025இல் அங்கே புதிய காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அவர்கள் எல்லோருமே காற்றாலைக்கு எதிரிகள் என்று எனக்குத் தோன்றவில்லை. தங்களைக் கேட்காமல் இடம் குறித்தார்கள் என்பதே பெரிய மனவருத்தம்.

வெய்யில்

சூரியத் தகட்டில் சுழலும் பாகம் இல்லாததால் தேய்வு குறைவு. இருபது, இருபத்தைந்து வருடம் உழைக்கும். வீட்டுக் கூரையிலேயே வைக்கலாம் என்பதால் ஒருவருடைய காணியும் போகாது. வரண்ட வலயத்தில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. வெய்யில் அதிகமான நாளில்தான் பயிருக்குத் தண்ணீரும் அதிகம் வேண்டும். வன்னியில் மண்ணெண்ணெய்ப் பம்பி இழுத்த கைகளுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் இரவில் தகடு வேலை செய்யாது. இரவுக்கு வேண்டுமானால் பற்றரி வேண்டும். தகடு இருபது வருடம் உழைத்தாலும் சாதாரண ஈயப் பற்றரி மூன்று, நாலு வருடத்தில் போய்விடும். வீட்டுச் சோலாருக்குக் காசு கட்டுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது பற்றரியின் விலையையே. வட்டவளைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வைகாசி தொடங்கினால் மாதக் கணக்கில் மழையும் மூடுபனியும். ஹம்பாந்தோட்டையில் ஒரு தகடு தரும் மின்சாரத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. விற்க வருபவர் காட்டும் கணக்கு எந்த ஊர் வெய்யிலுக்குப் போட்டது என்று விசாரியுங்கள்.

நாட்டளவிலும் வெய்யிலுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றி எல்லோரும் சிரித்தோம். உண்மையில் அன்று விடுமுறை, தொழிற்சாலைகள் இல்லை, மின் பாவனை குறைவு. கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் நிறைய வந்துகொண்டிருந்தது. பெரிய நீர், அனல் சுழலிகளின் கனத்த உருளைகள் ஓர் அதிர்ச்சி வந்தால் தம் வேகத்தால் சிறிது நேரம் தாங்கிக்கொள்ளும். தகட்டுக்கு அந்தக் கனம் இல்லை. அதனால் வெய்யில் மின்சாரம் கூடக்கூட, தாங்கிப் பிடிக்கத் தண்ணீரும் பற்றரியும் கூட வேண்டும்.

விறகிலும் மின்சாரம் எடுக்கலாம். எமது மிளகுக் கொடிக்கும் வேலிக்கும் நடும் கிளிசிரிடியாவின் கிளையே போதும். இலை மாட்டுக்கும் பசளைக்கும் ஆகும், தடியை விற்கலாம். விறகு தொடர்ந்து கிடைக்காவிட்டால் நிலையம் படுத்துவிடும். அணு மின்சாரம் இலங்கையில் இல்லை. கடலுக்கு அப்பால் கூடங்குளத்தில் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாற்றுக் கொண்ட இரு உலைகள் இயங்குகின்றன. புகை இல்லாத மின்சாரம். ஆனால் கழிவைப் பல்லாயிரம் வருடம் காக்க வேண்டும். இடிந்தகரை மீனவர் 2011, 2012இல் எதிர்த்து நின்றது அந்தப் பயத்தினால்.

ஓடையில் டர்பைன்

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஓடை மின்சாரம் மலைக்குப் புதிதல்ல. லக்சபானவுக்கு வெகு காலம் முன்பே வெள்ளைக்காரத் துரைமார் ஓடையை மறித்து, இரும்புக் குழாயில் இறக்கி, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் உருளைகளை ஓட்டினார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த சுழலிகள் மலை முழுவதும் இருந்தன. மின்சார சபையின் கம்பி வந்ததும் அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. துருப்பிடித்த குழாய்களை இன்றும் தோட்டங்களில் காணலாம். வாழைக்கு முட்டுக் கொடுத்திருப்பதையும் கண்டிருக்கிறேன். 1990களில் பலர் அவற்றைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். 1996இல் டிக்கோயாவில் ஒரு சிறு நீர்மின் நிலையம் தேசிய மின் தொகுதியோடு இணைந்து மின்சாரம் விற்கத் தொடங்கியது. அதே காலத்தில் கம்பி போகாத கிராமங்களில் மக்களே சங்கம் அமைத்து, சிரமதானத்தில் வாய்க்கால் வெட்டி, தங்கள் வீடுகளுக்கு ஓடை மின்சாரம் எடுத்தார்கள்.

உங்கள் ஓடையில் எவ்வளவு கிடைக்கும் என்று நீங்களே பார்க்கலாம். ஓடைத் தண்ணீர் முழுவதையும் ஒரு குழாயில் திருப்பி, 200 லீற்றர் பீப்பாய் நிரம்ப எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். இருபது விநாடியானால் விநாடிக்கு 10 லீற்றர். அடுத்து, தண்ணீரை எடுக்கும் இடத்துக்கும் சுழலி வைக்கும் இடத்துக்கும் இடையில் நேர் உயரம் எவ்வளவு? மேசன்மார் மட்டம் பார்ப்பது போல, தெளிவான குழாயில் தண்ணீர் விட்டுப் படிப்படியாக அளந்து இறங்கலாம். லீற்றரை மீற்றரால் பெருக்கி, பின் ஐந்தால் பெருக்குங்கள். 10 லீற்றர், 20 மீற்றர் என்றால் 1,000 வாற்று. அதாவது ஒரு கிலோவாற்று. இருபது வீட்டுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 50 வாற்று. நாலு மின்குமிழும் கைத்தொலைபேசியும் தாராளம். அயன் பெட்டியும் மின் கேத்தலும் முடியாது. ஒரு வீட்டில் ஒரு கேத்தலைப் போட்டால் இருபது வீடும் மங்கும். சண்டை தொடங்குவது அங்கேதான்.

இந்த அளவை மழைக்காலத்தில் எடுக்கக் கூடாது. மாசி, பங்குனியில், ஓடை மிக மெலிந்திருக்கும்போது அளந்ததுதான் உங்கள் கணக்கு. அந்த மாதங்களில் கீழே யார் குடிக்கிறார்கள், யார் பாத்தி நனைக்கிறார்கள் என்றும் பாருங்கள். மின்சாரம் எடுத்த தண்ணீர் திரும்ப ஓடைக்கே வந்தாலும், எடுக்கும் இடத்துக்கும் விடும் இடத்துக்கும் நடுவில் ஓடை காய்ந்து கிடக்கும். கம்பெனிகள் கட்டிய சில சிறு நிலையங்களால் அருவிகள் காய்ந்த இடங்கள் மலையில் உண்டு. வீட்டில் ஏற்கெனவே மின்சார சபையின் இணைப்பு இருந்தால், விளக்குக்காக ஓடையில் பணம் போடுவதற்கு நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். சபையின் கம்பி எட்டாத, வருடம் முழுவதும் நீர் ஓடும் பள்ளத்தில் பதினைந்து, இருபது குடும்பம் ஒற்றுமையாக இருந்தால் சோலாரைவிட ஓடையே மேல். இரவும் பகலும் எரியும், பற்றரி தேவையில்லை.

காணி கேட்டு வந்தால்

அணைக்கோ காற்றாலைக்கோ சூரியத் தகட்டுக்கோ அரசாங்கம் காணி எடுப்பதாயின் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படிதான் எடுக்க வேண்டும். முதலில் 2ஆம் பிரிவு அறிவித்தல் வரும். அது அளந்து பார்க்க மட்டும். 4ஆம் பிரிவு அறிவித்தல் ஆட்சேபனைக்கானது. குறைந்தது 14 நாள் தவணை இருக்கும். அந்தத் தவணையைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். 7ஆம் பிரிவில் நட்டஈட்டுக் கோரிக்கை. அறிவித்தல் மரத்தில் ஒட்டியிருக்கிறதா, பிரதேச செயலகத்தில் தொங்குகிறதா என்று பார்க்க ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். இடம்பெயர்ந்து வேறிடத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். சம்பூர் மக்கள் முகாமில் இருந்தபோதுதான் அவர்களது காணியின் தலைவிதி எழுதப்பட்டது.

"எங்களிடம் உறுதி இல்லையே" என்று தோட்டத்து மக்களும் வன்னிக் காணியை விட்டு வந்தவர்களும் சொல்வதுண்டு. 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட கட்டாய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை, உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. கொள்கை சட்டம் அல்ல, ஆனால் அதிகாரியின் முன் எடுத்துக் காட்டலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். பழைய பங்கீட்டு அட்டை, வாக்காளர் இடாப்பின் பிரதி, பிள்ளையின் பாடசாலைச் சான்றிதழ், விதை உருளைக்கிழங்கு வாங்கிய பற்றுச்சீட்டு, நட்ட மரங்களின் படம் எதுவானாலும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டுக் கூரைச் சீலிங்கில் அல்ல, எழும்பி ஓடும்போது கையில் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

ஒப்பம் வைப்பதற்கு முன், திட்டத்தை விளக்க வருபவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். மாற்றுக் காணியில் பங்குனி மாதத்தில் தண்ணீர் இருக்குமா? சுரங்கம் போனால் எங்கள் ஊற்று வற்றினால் பொறுப்பு யார், அதை எழுதித் தருவாரா? கட்டும் காலத்து வேலை எங்கள் பிள்ளைகளுக்கா, வெளியாருக்கா? புது வீட்டுக்கு மின்சார இணைப்பை யார் செலவில் தருவார்கள்? கடைசிக் கேள்வி அன்று அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டு கேட்டதுதான். கம்பி எங்கள் தலைக்கு மேலால் போகுமா, வீட்டுக்குள் இறங்குமா?

அந்த அம்மாவின் ஓடையைப் பங்குனியில் அளப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். பீப்பாயை அவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.